வயதுக் கட்டம்

கடை வாசலில் மோட்டார்சைக்கிள் நின்று, அதன் சத்தம் அடங்கிய பிறகு வந்த அமைதிதான் இன்றும் என் காதில் இருக்கிறது. செங்கலடிச் சந்தியில் பகல் பன்னிரண்டு மணிக்கு அப்படியோர் அமைதி வரக்கூடாது. பக்கத்துக் கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார். எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வண்டிக்கு நம்பர் தகடு இல்லை. கடைக்குள் நானும் மிஸ்ஸும் மட்டும்.

மிஸ் எங்கள் புரோகிராமர். முன்பு கம்பியூட்டர் வகுப்பு எடுத்ததால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் ரேடியோ திருத்தி, போட்டோக்கொப்பி அடித்து, அந்தச் சந்தியில் முதல் கம்பியூட்டரைக் கொண்டுவந்து இறக்கியவன் நான்தான். கொழும்பிலிருந்து வரும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் பெட்டியைப் பிரித்துக் காட்டி, கீறல் விழாமல் கொண்டுவந்த கதையை இப்போதும் கேட்பவர்களுக்குச் சொல்வேன். படித்தவர்கள் எனக்குக் கீழே வேலை செய்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்த வருடம் சண்டைக்குத் தப்பி, மேற்கே படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து வந்து முகாம்களில் கிடந்தது. நிவாரணக் கந்தோர் ஒன்று, முகாம் குடும்பங்களைப் பதிந்துவைக்க ஒரு மென்பொருள் கேட்டது. முழுவதற்கும் ஒரே விலை பேசி ஒப்பந்தம் எழுதினோம். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், கூடார இலக்கம், கொடுத்த சாமான். அவ்வளவுதான் வேலை. பதிவுகள் எல்லாம் எங்கள் கடைக் கம்பியூட்டரில்தான் இருந்தன.

எனக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்பேன். நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்பதுதான் அதற்கு என் அர்த்தம். கந்தோர் ஆட்களோ, செய்து தருகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். பாய்க்கு ஒரு கட்டம் கூடியது, நுளம்புவலைக்கு இன்னொன்று. பேசிய விலை அப்படியே நிற்க, வேலை மூன்று மடங்காகிவிட்டது. கடைசியில் குழந்தைகளுக்குப் பால்மா கொடுக்கும் அதிகாரி வந்து, ஆட்களின் வயதையும் போட்டால் நல்லது என்றார். அதற்கும் ஓம் என்றேன். எல்லாருடைய வயதும் பதிவில் ஏறியது.

அதற்குப் பிறகுதான் மிஸ் பொறுமையிழந்து, அரைத்தாளில் ஒரு படிவம் அடித்தார். கேட்டவர் பெயர், என்ன மாற்றம், ஏன், கையெழுத்து. ஏற்கெனவே செய்த மாற்றங்களுக்கும் ஓடித்திரிந்து ஒப்பம் வாங்கிக் கோப்பில் கோர்த்தார்.

"முதலாளி, உங்கட வாயாலதான் எனக்கு வேல கூடுது. இனி ஆர் கேட்டாலும் ஓம் எண்டாதீங்க. தாள நீட்டுங்க."

நான் சிரித்தேன். ஆட்களைச் சமாளிப்பதில் என்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்த காலம்.

அன்று மோட்டார்சைக்கிளில் வந்த இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று சொல்லவில்லை. அப்போது அதை யாரும் கேட்பதுமில்லை. பேசியவனின் சேட்டுக்குள் இடுப்பு புடைத்திருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் எந்தெந்தக் கூடாரத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டுமாம்.

"சின்ன வேலதானே ஐயா. ஒரு தட்டுத் தட்டினா வந்திரும்."

உண்மைதான், ஒரு தட்டுத்தான். அந்தப் பட்டியல் எதற்கு என்று இளசுகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன அந்த நாட்களில் பிள்ளை பெற்ற எவருக்கும் விளங்கும். ஆனாலும் வாய் தன் பாட்டில் திறந்தது. "ஓம்" என்றேன்.

மிஸ் எழும்பினார். "தம்பி, இது பேசின வேலையில இல்ல. புது வேல. இதுல எழுதித் தாங்க."

அவன் தாளைப் பார்த்துச் சிரித்தான். "எங்களிட்டயுமா கையெழுத்து, மிஸ்?"

"பால்மா ஐயாவும் வெச்சவர்தான்" என்று கோப்பைத் திறந்து நீட்டினார். அவன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். தன் பெயரை எழுதி எதையும் கேட்டுப் பழகாத ஆள். வெறும் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு வாறம் என்று போனான்.

மிஸ் அப்போதே உட்கார்ந்து வயதுக் கட்டத்தை அழித்தார். பால்மாவுக்கு ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்பது போதுமே, அதை அன்றைக்கே தான் கேட்டிருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார். வேலை முடிந்ததும் அந்த மாற்றத்துக்கும் ஒரு படிவம் எழுதி என் முன்னால் வைத்தார். "முதலாளி நீங்கதான் ஒப்பம் வைக்கணும்."

பேனையை எடுத்தேன். அந்த இடத்தில் என் பெயர் இருந்தால் நாளைக்கு அவன் அதை வாசிப்பான். என் மூத்தவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கந்தோரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைப்போம் என்று பேனையைக் கீழே வைத்தேன். மிஸ் ஏசவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்துத் தன் முழுப்பெயரையும் எழுதினார்.

மறுநாள் அவர்கள் வந்தபோது வயது இல்லை. எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டான். மிஸ் கோப்பை நீட்டினார். மிஸ்ஸின் பெயர் இருந்த அந்த ஒரு தாளை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு போனான். அன்று பின்னேரமே மிஸ் தாயையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை.

இன்று என் கடை மூன்று மாடி. எழுதிக் கையெழுத்து வைக்காமல் ஒரு மாற்றமும் செய்வதில்லை என்பதுதான் எங்கள் பெயர். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவன் நான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் இதுவரை திருத்தவில்லை. எங்கள் பட்டியலை வைத்து அந்த முகாம்களிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை. மிஸ் என்ன ஆனார் என்று விசாரிக்க எனக்கு வழி இல்லாமலில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடும் என்றுதான் பயம்.