மாப்பிள்ளை விசாரிக்கப் போய் சாக்கே குடித்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாரிஸ் கலியேனி பஸ் நிலையத்தில் லண்டன் பஸ் ஏறினேன். தங்கச்சி கமலாவின் மகள் வதனாவுக்கு லண்டனில் ஒரு சம்பந்தம் பொருந்தியிருந்தது. பெடியன் பெயர் பார்த்தீபன். ஃபோனில் கதைத்துக் கதைத்து வதனாவுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் அவனுக்கு மதுபானக் கம்பனியில் வேலை என்று யாரோ சொல்ல, கமலா சாப்பாட்டையே விட்டுவிட்டாள். அவளுடைய புருஷன் குடித்தே செத்தவர்.

“அவன் குடிக்கிறவனெண்டால் இந்தக் கலியாணம் நடக்காது. நீ போய்ப் பாத்துச் சொல்லு அக்கா, உன்ரை சொல்லுத்தான் முடிவு,” என்றாள்.

கலேயிலிருந்து டோவருக்குக் கப்பலில் ஒன்றரை மணித்தியாலம். கடல் குலுக்கிய குலுக்கலில் காலையில் சாப்பிட்ட இட்டலி உள்ளே தங்கவில்லை. பின்னேரம் விக்டோரியாவில் இறங்கினால், கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பார்த்தீபனே வந்து நிற்கிறான். ஒளித்து விசாரிக்க வந்தவளுக்கு ஒரே அந்தரமாய்ப் போய்விட்டது.

“வதனா எல்லாம் சொன்னவ, அன்ரி. அக்கம்பக்கத்திலை விசாரிச்சு என்ன காணப்போறியள்? நாளைக்கு என்ரை வேலையிடத்துக்கு வாங்கோ. எங்கடை கம்பனிக்கு வாங்கிறதுக்குச் சாக்கே ருசி பாக்கிற நாள்.” சாக்கே என்றால் யப்பான்காரரின் அரிசி மது என்பதையும் கூசாமல் சொன்னான்.

கிங்ஸ்பரியில் சிநேகிதி வீட்டில் தங்கி, சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவனோடு ஜூபிலி ரயிலில் கிரீன் பார்க் போய், பிக்கடிலிப் பக்கம் நடந்தேன். அவனுடைய கம்பனி அன்றைக்கு வாடகைக்கு எடுத்திருந்த ஒரு யப்பானியச் சாப்பாட்டுக் கடையின் நிலவறை. மேசை நிறையப் போத்தல்கள். ஒன்றின் விலை நாற்பது பவுண். எனக்குப் போக வர பஸ்ஸுக்கே அவ்வளவுதான் முடிந்தது.

“அரிசியிலை பாதியைத் தீட்டித் தள்ளிப்போட்டு, மிச்ச நடு மணியிலைதான் இதைச் செய்யிறது,” என்றான். ஒரு பிடி சோறு சிந்தினாலே பேச்சு வாங்கி வளர்ந்தவள் நான்.

போத்தல்களின் சொந்தக்காரரான யப்பானியப் பெரியவர் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டினார். “மணத்தை மட்டும் பாத்துப்போட்டு வையுங்கோ, குடிக்கத் தேவையில்லை,” என்றான் பார்த்தீபன். அப்படித் தருகிறவரை மறுக்க எனக்கு வரவில்லை. வாங்கி வாயில் விட்டேன். அரிசிக்குள் இதரை வாழைப்பழ வாசம் எப்படி வந்தது? கடவுளே, நன்றாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். அதே சாக்கேயை வாயில் சுழற்றிய பார்த்தீபன், பக்கத்து வாளியில் துப்பினான். முத்துமாலை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தியும் அதே வாளியில் துப்பினாள்.

“எல்லாரும் துப்புறதுதான், அன்ரி. விழுங்கினால் பின்னேரம் நிக்கேலாது.”

“நாலு பேருக்கு முன்னாலை எச்சில் துப்புறதோ? செத்தாலும் மாட்டன்.”

விழுங்கினேன். அடுத்தது கஞ்சி போலக் கலங்கி, தித்திப்பாக இருந்தது. அதற்கடுத்தது ஆவி பறக்க வந்து, காது வரை சூடேற்றியது. வருசக்கணக்கில் வைத்துப் பழுப்பேறிய ஒன்று சோயா சோஸ் மணத்தது. பிடிக்கவில்லை, அதையும் விழுங்கினேன். முதலாவதை இன்னொரு தரம் கேட்டு வாங்கினேன். பார்த்தீபனையோ கண் கொட்டாமல் பார்த்திருந்தேன். கொட்டினால் திரும்பத் திறக்காது என்ற பயமும் இருந்தது. அத்தனையையும் அவன் துப்பினான்.

கையைப் பிடித்து அவன்தான் என்னைக் கிங்ஸ்பரியில் கொண்டுவந்து விட்டான். உடனே கமலாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“பெடியன் குடிக்கிறானோ?”

“இல்லையடி. ஒரு சொட்டும் விழுங்கேல்லை. என்ரை கண்ணாலை பாத்தனான்.”

“ஏன் அக்கா உன்ரை நாக்குப் புரளுது?”

“நான் குடிச்சனான்,” என்றேன்.

“குடிவெறியிலை செய்யிற சத்தியத்தை அந்த மனுசனிட்டை இருபது வருசம் கேட்டனான். இனிக் கேக்கேலாது.” ஃபோனை வைத்துவிட்டாள்.

வெறி அந்த இடத்திலேயே முறிந்தது. வதனாவின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று விடியும் வரை அழுதேன்.

ஞாயிறு காலை லண்டனை விட்டுப் புறப்பட்டேன். எங்கடை ஆட்கள் ஒளித்து விழுங்குவார்கள்; இங்கே ஊர் பார்க்கத் துப்புகிறார்கள். எது மரியாதை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கலியேனியில் கமலா நின்றாள், பக்கத்தில் வதனா, அழுது முகம் வீங்கி. கமலா என் பையை வாங்கவில்லை. கிட்ட வந்து, என் தாடையைப் பிடித்து, வாயை மோந்து பார்த்தாள். புருஷன் வேலையால் வந்ததும் ஒவ்வொரு நாளும் வாசலில் அப்படித்தான் செய்வாள். சனமெல்லாம் பார்த்தது. நான் அசையாமல் நின்றேன்.

“சரி,” என்றாள். “இப்ப சொல்லு.”