வேலூர்ப் படித்துறையில் ஒரு தொட்டி

“குழாயைத் திறந்துவிடு” என்று அன்று நான் சொல்லவில்லை. “நல்லா பண்ணியிருக்கடி” என்றும் சொல்லவில்லை. இரண்டும் வாய்வரை வந்தவை.

கல்லூரித் தோழி மஞ்சுளா பரமத்தி வேலூர்க்காரி. அங்கே காவிரிப் படித்துறையில் கருமாதி முடிப்பவர்கள் இறந்தவரின் துணியை ஆற்றிலேயே விடுவது வழக்கம். அது மணலில் புதைந்தும் முள்ளில் சிக்கியும் ஆற்றை அடைக்கிறது. அதை நிறுத்த, துணியை ஆற்றுக்குப் பதில் விடுவதற்கென்று ஊராரைச் சேர்த்து அவள் ஒரு தொட்டி கட்டியிருந்தாள். அதன் முதல் நாள், போன மாதத்து ஞாயிறு ஒன்று. ஓமலூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் இதே வேலைக்கு நான் ஓராண்டு அலைந்தவள். துணி போடக் கூடை வைத்தேன், பலகை எழுதினேன். கூட்டம் போட்டால் என்னோடு சேர்த்து நான்கு பேர். போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். புதிய பேருந்து நிலையத்தில் கரூர் வண்டி. எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், அறுபது ரூபாய். நாமக்கல் வரை லாரிகளைத்தான் பார்க்கலாம். பரமத்தி தாண்டியதும் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் என்று கண் குளிர்ந்துவிடும். எனக்கு அன்று குளிரவில்லை.

“மஞ்சு புள்ள கட்டுன தொட்டிக்குங்களா? ஏறுங்க சாமி” என்றார் ஆட்டோக்காரர். பேருந்தைவிட்டு இறங்கி, ஆற்றங்கரைக்கு வருமா என்று மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். “நீங்களும் அந்தப் புள்ளையோட ஆளுங்களா?”

“இல்லைங்க. சும்மா பாக்க வந்தேன்.”

ஐம்பது ரூபாய். பேரம் பேசத் தோன்றவில்லை.

படித்துறையில் நாற்பது பேராவது இருந்தார்கள். ஆற்றுநீரை மோட்டாரால் ஏற்றித் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். மறுபக்கம் கம்பிவலை போட்ட குழாய் ஒன்று ஆற்றுக்கே திரும்புகிறது. ஆனால் அதன் வால்வு மூடியிருந்தது. நீரும் கரண்டும் வீணாகக் கூடாதாம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஏரியிலும் தேங்கி நின்ற நீரில் மக்கள் துணியை விடமாட்டார்கள். உபரி நீர் கலங்கலில் வழிந்தோடும் இடத்தைத் தேடித்தான் போவார்கள்.

கருமாதி முடித்த குடும்பம் ஒன்று வந்தது. தந்தையின் வேட்டியை வைத்திருந்த மகள் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, இதுல உட்டா எங்கப்பன் எப்படிப் போய்ச் சேருவாரு? குட்டையில உட்ட மாதிரியல்ல இருக்குது!”

“ஆத்துத் தண்ணிதானுங்க அக்கா” என்றாள் மஞ்சுளா.

“ஆத்துத் தண்ணின்னா ஓடோணும் கண்ணு.” அவர் படியிறங்கத் தொடங்கினார். பின்னால் நின்ற இன்னொரு குடும்பமும் நகர்ந்தது. முதல் வேட்டி ஆற்றுக்குப் போய்விட்டால் தொட்டியை இனி யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மஞ்சுளாவின் முகம் வெளுத்தது. எனக்கு, வெட்கமில்லாமல், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்போது மஞ்சுளா கேட்டாள்: “அக்கா, நில்லுங்க. என்ன பண்ணுனா உங்களுக்குச் சரியா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.”

“அந்தக் குழாயைத் தொறந்து உடேன்! கட்டத் தெரிஞ்ச புள்ளைக்கு அது தெரியலையாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுளாவும் சிரித்துக்கொண்டே ஓடி வால்வைத் திருகினாள். நீர் நகர்ந்தது. அந்த அக்கா வேட்டியை விட்டுக் கைகூப்பினார். அது மெல்லப் போய் வலையில் நின்றது. நீர் மட்டும் ஆற்றுக்குப் போனது. அவளுக்கு நாற்பது பேர் கூடியதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்த ஒரு கேள்வியை ஓராண்டில் ஏரிக்கரையில் யாரிடமும் நான் கேட்டதில்லை என்பதுதான் திரும்பும் வழியெல்லாம் குத்தியது.

போக நினைப்பவர்கள் எட்டு மணிக்குள் போங்கள். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. சடங்கு செய்பவர்களைப் படம் எடுக்காதீர்கள். உங்கள் ஊரிலும் இப்படிக் கட்டுவதென்றால், சிமெண்ட் வாங்குமுன் நாலு வீட்டில் விசாரியுங்கள்.

அடுத்து வந்த அமாவாசையன்று பதினோரு குடும்பங்கள் தொட்டியில் துணி விட்டன. இரண்டு குடும்பங்கள் ஆற்றில் விட்டன.