ஸ்டியரிங் இல்லாத வேலை

பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் என்ன வேலை என்று கேட்டார். ஸ்ட்ரீட்கார் ஓடுவதாகச் சொன்னேன். அவர் காதில் கடைசிப் பாதிதான் விழுந்தது. என்ன கார் என்று ஆவலோடு கேட்டார். ரொறன்ரோ நடுத்தெருவில் தண்டவாளத்தில் போகுமே, அது என்று விளக்கியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஸ்டியரிங்கும் இல்லை, தண்டவாளம் போற பக்கம் போகும். அப்ப நீர் என்னத்தை ஓடுறீர், தம்பி?"

மனிதர் மிசிசாகா விமான நிலையத்தில் டாக்சி ஓடி ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியவர். அவருக்கு ஸ்டியரிங்தான் தெய்வம். மகள் பிடிவாதக்காரி என்பதால் கல்யாணம் நடந்தது.

பிறகு நான் ஸ்ட்ரீட்கார் இன்ஸ்பெக்டராகித் தெருவில் குளிரில் விறைத்தேன். அதற்கும் பிறகு மனேஜரானேன். பெரிய பதவி என்று நினைக்காதீர்கள். அடுத்தவன் வழியில் விட்ட காரை அப்புறப்படுத்துவதும், பயணிகளிடம் மன்னிப்புக் கேட்பதும்தான் பாதி உத்தியோகம். ஆனாலும் பிறந்தநாள் விழாக்களில் மாமனார் என்னை "சிற்றியிலை வேலை" என்றே அறிமுகப்படுத்துவார். மனேஜர் என்ற சொல் அவர் வாயில் வராது. எனக்கு அது பற்றிக்கொண்டு எரியும்.

போன பனிக்காலத்தில் ஒரு கார் வழியை மறித்து நிற்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். ஓரத்தில் பனி குவிந்திருந்ததால் யாரோ காரைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அதன் பின்பக்கம் தண்டவாளத்தில் கிடந்தது. பின்னால் ஸ்ட்ரீட்கார்கள் வரிசையாக நின்றன. கார்க் கண்ணாடியில் மயிலிறகுக் கட்டு. எனக்குத் தெரிந்த மயிலிறகு.

கண் வைத்தியரிடம் வந்த மாமனார் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தார். கார்ச் சில்லு பனியில் வெறுமனே சுற்றியது. என்னைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, ரெண்டடிதானே. ஸ்ட்ரீட்காரைக் கொஞ்சம் வெட்டித் திருப்பிக்கொண்டு போகச் சொல்லுமன்."

"அதுக்கு ஸ்டியரிங் இல்லை, மாமா."

இதைச் சொல்ல நான் எத்தனை பிறந்தநாள் கேக்குகளைத் தின்று காத்திருந்தேன்! அதற்குள் காரைத் தூக்கிப்போகும் லொறி வந்துவிட்டது. மாமனார் இறங்கி, விமான நிலைய ஆங்கிலத்தில், இவர் என் மருமகன், இங்கே மனேஜர் என்று லொறிக்காரனிடம் உரக்கச் சொன்னார். இத்தனை காலமும் கேட்க ஏங்கிய சொல், காரைக் காப்பாற்ற வந்தது. லொறிக்காரன் என்னைப் பார்த்தான். தூக்கச் சொன்னேன்.

கார் போன பிறகு அவரை முதலாவது ஸ்ட்ரீட்காரில் ஏற்றி, நானும் பக்கத்தில் நின்றேன். பிறகு பக்கத்து இருக்கைத் தமிழ்ப் பெண்ணிடம் என்னைக் காட்டினார்.

"உவன்தான் மருமகன். மனேஜர். என்ரை காரையே தூக்குவிச்சுப்போட்டான்."