பங்களாவைப் பார்த்துக் கட்டிய ஒலிபெருக்கி

ஊமத்தம்பூ மாதிரி வாயை விரித்துக்கொண்டு ஒரு சாம்பல் நிற ஒலிபெருக்கி, மலாயாவில் கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் முன்னால் கம்பத்தில் தொங்கியது. அதை நினைத்தால் அதைக் கட்டிய ஆபீஸ் தலைமைக் கணக்கர், பெரிய கிராணியின் முகமும் கூடவே வந்து நிற்கிறது. சீ!

போன வாரம் என் மகன் வீட்டுக்குப் புது ஸ்பீக்கர் வாங்கி வந்து, சோபாவை நகர்த்தி, பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, பாதி நாளை ஓட்டினான். கடைசியில் ஒரு குட்டி மைக்கை என் நாற்காலியில் வைத்துவிட்டு என்னை எழுப்பி நிறுத்தினான். "கேக்குறவங்க உட்காருற எடத்துலதாம்மா அளக்கணும். வேற எங்கயோ நின்னு பாத்தா என்னா பிரயோசனம்லா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இந்தச் சின்ன விஷயம் அந்தக் கிராணி மனுஷனுக்குத் தெரியாமலா போயிற்று?

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, வாசலில் மாத்தா போலீஸ்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். உத்தரவுகளை நாங்கள் கேட்பதற்காகத்தான் அரசாங்கம் ஒலிபெருக்கி கொடுத்தது. கிராணியோ அதைத் துரை பங்களாவைப் பார்த்துக் கட்டினார். தான் கத்துவது துரை காதில் விழ வேண்டுமே! கட்டியதும் பங்களா வராந்தாவுக்கு ஓடிப்போய் நின்று கேட்டார். துரை தலையாட்டினார். அதோடு சோதனை முடிந்தது. கீழ் லயத்தில் இருந்த எங்களுக்கும் ஆபீசுக்கும் நடுவே ரப்பர் ஷீட் உலர்த்தும், தகரம் அடித்த புகைவீடு. அதைத் தாண்டி ஒரு உறுமல்தான் வரும். என் அண்ணி போய், கீழே ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னதற்கு, "பெரிய மகாராணி! ஒன் வாசலுக்கு வந்து சொல்லணுமோ?" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாளிலிருந்து யாரும் கட்டுச்சோறு கொண்டு போகக்கூடாது என்று ஒரு சாயங்காலம் அறிவித்தாராம். எங்களுக்கு வழக்கம்போல உறுமல். பட்டையைச் சீவிப் பால் மரம் வெட்டிவிட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சேரும் நேரத்தில் மரத்தடியில் நாலு வாய் தின்போம்; அதற்காக அண்ணி எப்போதும்போல டின்னில் சோறு எடுத்து வந்தாள். வாசலில் அவள்தான் முதல் ஆள். டின்னைத் திறந்தார்கள். ஆளைப் பிடித்து லோரியில் ஏற்றினார்கள். பின்னால் நின்றவர்கள் பதறிப்போய்ச் சோற்றைச் சாக்கடையில் கொட்டினார்கள். "கைப்பிள்ளக்காரி சார்! எங்களுக்கு ஒண்ணும் கேக்கல சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினோம்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் கிராணி வெள்ளைச் சட்டையும் பவுடர் முகமுமாக நின்று, "தெளிவா கேட்டுச்சு சார், தொரையவே கேளுங்க" என்றார். துரையும் கேட்டது என்றார். கேட்காமல் என்ன? அவர் வீட்டு வாசலில்தானே கத்தியது! தமிழே தெரியாத துரையின் காதை வைத்து எங்கள் காதை அளந்தார்கள். தூ!

அண்ணியின் பிள்ளை என்னிடம்தான் இருந்தது. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துக் கொடுத்தால் துப்பும். தாய்ப்பால் தேடி என் ரவிக்கையை முட்டி முட்டி வீறிடும். ஊர்க்காரர்கள் அழுது மன்றாடியதில், பல நாள் கழித்துப் போலீஸ் அண்ணியை ஒருவழியாக விட்டபோது, அவளுக்குப் பால் வற்றிப் போயிருந்தது. மார்பில் போட்டால் பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு அலறியது.

அந்த நேரம் பார்த்துக் கிராணி லயத்துப் பக்கம் வந்தார். "இனிமேலாவது காதக் குடுத்துக் கேளு" என்றார்.

அண்ணி எழுந்து போய், அலறும் பிள்ளையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கேக்குறேங்கய்யா. இப்ப நீங்க இதக் கேளுங்க."

அவர் பின்னால் நகர்ந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆபீசைப் பார்த்து நடந்தார்.