பேராதனைப் புல்வெளியில் ஒரு தூக்கம்

மார்கழி விடுமுறைக்கு மட்டக்களப்பிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போன பஸ்ஸில், என் பக்கத்தில் ஒரு தாதி இருந்தார். ஐம்பது வயதிருக்கும், வட்டமுகம், தடித்த கண்ணாடி. பேசிக்கொண்டிருக்கும்போதே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். கேட்டால், பழக்கதோஷம் என்பார்.

பூங்காவில் இறங்கியதும் எல்லோரும் ஓர்கிட் பூக்களைப் பார்க்க விரைந்தார்கள். அவர் பெரிய புல்வெளிக்குப் போய், துவாயை விரித்துப் படுத்துவிட்டார்.

"பூப் பாக்க வரல்லையா, அக்கா?"

"பத்து நாளா இரவு வேலை, புள்ள. வீட்டில படுத்தா, பிரசர் பாக்கச் சொல்லி ஊரே வந்து கதவத் தட்டும். இஞ்ச என்ன ஒருத்தருக்கும் தெரியா. ஆரையும் எழுப்ப விடாதகா."

நான் காவலிருந்தேன். பந்து தேடி வந்த பிள்ளைகளையும், மயங்கிவிட்டாரோ என்று பதறி வந்த காவலாளியையும் சைகையால் திருப்பி அனுப்பினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து எழுந்தவர், "நல்ல பூங்கா" என்றார்.

திரும்பும் வழியில், மலைப்பாதை வளைவில் ஒரு குழந்தை வாந்தியெடுத்தது. முதலில் எழுந்து ஓடியவர் அவர்தான்.

"நீங்க நேர்ஸா?" என்று தாய் கேட்டாள்.

"இல்ல" என்றார், குழந்தையின் முகத்தைத் துடைத்தபடி.