மூன்று படகு, இருபது எண்ணிக்கை

மேற்குத் தாம்பரத்தில் மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பதுதான் ஜான்சியின் வேலை. கடை ஒன்பதரைக்குத் திறக்கும். அதனால் நான்கு வருஷமாக விடிவதற்குள் ஸ்கூட்டியைக் கிளப்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், அலைச்சறுக்கு ஆடிவிட்டு, தலைமுடியில் உப்போடு வேலைக்கு வந்துவிடுவாள். அப்பா எட்மண்ட் முதலில் கடலுக்குப் போவதற்கே சத்தம் போட்டார். இப்போது ஸ்கூட்டி துருப்பிடிப்பதற்கு மட்டும்தான் போடுகிறார்.

கோவளத்தில் சர்ஃபிங் பள்ளி நடத்தும் சேட்டுவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. காலையில் கடலைப் பார்த்து, இன்று இறங்கலாமா கூடாதா என்று வகுப்புக்கு வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப வேண்டும், வகுப்பும் எடுக்கலாம். மருந்துக்கடையை விட்டுவிட்டுக் கடலோடு இருந்துவிடலாமே என்று ஜான்சி அந்த வேலையைக் கேட்டாள்.

“ஒரு வாரம் சொல்லு, பாப்போம். ஒரு நாள் தப்பானாலும் கெடையாது,” என்றார் சேட்டு.

ஆறு நாள் சரியாகச் சொன்னாள். ஏழாம் நாள் பொத்தேரியிலிருந்து இருபது கல்லூரி மாணவர்கள் முதல் வகுப்புக்கு வந்து நின்றார்கள். கரையிலிருந்து வீசிய காற்றில் கடல் வழவழவென்று இருந்தது. இடுப்பளவு அலைகள் வரிசையாக வந்தன.

ஜான்சி வழக்கம்போல ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் எறிந்தாள். நீரோட்டம் அதை இழுத்துப்போக, கரையில் நிற்கும் படகுகளில் மூன்றை அது தாண்டும்வரை எண்ணுவாள். மற்ற நாட்களில் அறுபது வரும். இன்று இருபதுதான் வந்தது.

“இன்னிக்கு வேணாம்ணா. வடக்க பயங்கரமா இழுக்குது.”

பத்து வருஷமாக அங்கே கற்றுத்தரும் கதிரேசன் சிரித்தார். “கடலு கண்ணாடி மாதிரி கீது. தாம்பரத்துலேர்ந்து வந்து மட்டைய வச்சி ஜோசியம் சொல்லிகினு கீற!”

“அக்கா, நாலு மணிக்கே எழுந்து வந்தோம்,” என்றான் ஆரோன் என்ற மாணவன்.

சேட்டு அவளையே பார்த்தார். எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டு, சொன்னது தப்பாகிப்போனால் வேலை போச்சு. ஜான்சி மறுபடி எண்ணவில்லை.

“நீங்க வேணா இறங்குங்கண்ணா. இவங்க வேணாம்.”

கதிரேசன் பலகையோடு பாய்ந்தார். இரண்டு அலை பிடித்தார். மூன்றாவதற்குக் காத்திருந்தபோதே ஆள் படகுகளைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தார். கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, வெகு தூரத்தில் கரையேறினார். பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார்.

“இன்னா கதிரேசா, முட்டுக்காடு வரிக்கும் போய்ட்டு வந்தியா?” என்றார் சேட்டு.

கதிரேசன் மூச்சு வாங்கினார். “எங்கம்மா அந்த மட்ட?”

“உங்களுக்கு முன்னாடியே முட்டுக்காடு போயிடுச்சுண்ணா.”

மாணவர்களோடு கதிரேசனும் சிரித்துவிட்டார். சேட்டு தன் போனை அவளிடம் நீட்டினார். “பேசி அனுப்பு. நாளைலேர்ந்து நீதான்.”

ஜான்சி பொத்தானை அழுத்தினாள். “வணக்கம், கோவளத்துலேர்ந்து ஜான்சி பேசறேன். பாக்க அழகா இருக்கு. இன்னிக்கு யாரும் வராதீங்க.”