கடத்தூர்ச் சந்தைக் கவர்

பச்சியப்பனோடு ஒரே கல்லூரியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அவன் நுண்ணுயிரியல், நான் வேதியியல். அவனைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கடத்தூர் பக்கம் அவன் அப்பா மாதையனுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளிக் காடு. பக்கத்திலேயே குப்பைமேடு. காற்றடித்தால் பிளாஸ்டிக் கவரெல்லாம் காட்டுக்குள் வந்து விழும், உழும்போது கலப்பையைச் சுற்றிக்கொள்ளும். அந்தக் கவரைத் தின்னும் கிருமியைக் கண்டுபிடித்து, அதன் நொதியைப் பிரித்தெடுக்காமல் விடமாட்டேன் என்று கிளம்பினான். அதற்காகக் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டு, கடைசியில் அதை மறந்தே போனான்.

மற்றவர்கள் தூய பிளாஸ்டிக் தாளை வரவழைத்துச் சோதிப்பார்கள். இவன் சந்தையில் காய்கறி போட்டுத் தரும் கவரையே வெட்டி எடுத்துக்கொள்வான்.

"நம்ம மண்ணுல கெடக்கறது இதுதானுங்க சார். இதத் திங்காத கிருமி எனக்கு எதுக்குங்க?" என்பான்.

நியாயமாகத்தான் பட்டது. நானும் மண்டையை ஆட்டினேன்.

பன்னிரண்டு வருடம் ஒரு கிருமியும் கவரைச் சீண்டவில்லை. கவருக்குத் தடை வந்த பிறகும் சந்தையில் கவர் நின்றபாடில்லை. சற்று மங்கலாகப் புதிதாக ஒன்று வந்தது. அந்தச் சமயத்தில்தான், பொம்மிடிப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுக் குட்டையில் எடுத்த ஒரு கிருமி வேலை செய்தது. நாற்பது நாளில் கவரின் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மிச்சம் தொட்டால் உதிர்ந்தது. அதன் நொதியைப் பிரித்தெடுத்து அதற்கு ஒரு பெயரும் வைத்தான். ஆய்விதழில் கட்டுரை வெளியானது, பேப்பரில் அவன் படம் வந்தது. மாதையன் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மகன் கேட்டதும் காட்டையும் சோதனைக்குக் கொடுத்தார். இரண்டு ஏக்கரிலும் மூட்டை மூட்டையாகச் சந்தைக் கவரைப் புதைத்துக் கிருமிக் கரைசலை ஊற்றினார்கள். ஆறு மாதத்தில் ஒரு கவர்கூடக் கண்ணில் படவில்லை.

போன ஆடியில், அவனிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பிளசி, கிருமிக்குச் சாயமேற்றும்போது, மேஜைமேல் கிடந்த புதுக் கவரில் ஒரு சொட்டு அயோடினைச் சிந்திவிட்டாள். சிந்திய இடம் கருநீலமானது. அயோடின் பட்டு நீலமானால் மாவு இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"சார், கவர்ல மாவு கலந்திருக்கறாங்க" என்றாள்.

செலவைக் குறைக்க எவனோ மரவள்ளி மாவைக் கலந்திருக்கிறான். கிருமி மாவை மட்டும் தின்றுவிட்டுப் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டிருக்கிறது. அவன் பெயர் வைத்துக் கொண்டாடிய நொதி, மாவைச் செரிக்க நம் எல்லார் எச்சிலிலும் இருக்கிற அதே வகைதான். என் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக அயோடின் பாட்டில் இருக்கிறது. ஒரு நாள், ஒரு சொட்டு விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தூய தாளை வரவழைத்து மூன்று மாதம் பார்த்தான். இம்மியும் எடை குறையவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினான். பிளசியின் நாலு வருடமும் அதோடு போயிற்று. என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

அப்பாவிடம் சொல்ல என்னையும் கூட்டிப்போனான். காட்டில் மண்ணைக் கிளறிக் காட்டினான். தோண்டிய இடமெல்லாம் அரிசிக் குருணை அளவில் பிளாஸ்டிக் தூள். மாதையன் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா நம்ம கெழங்கு மாவத்தான் தின்னுச்சாடா அது?"

"ஆமாங்கப்பா."

"முழுசா கெடந்தப்ப கையில பொறுக்கிப் போட்டேன். இப்ப இத எப்புடிடா பொறுக்கறது?"

பெரியவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து மண்ணில் விரித்தார். குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு தூளாகப் பொறுக்கி அதன்மேல் போட ஆரம்பித்தார்.